‘விளையாட்டுதானே காட்டுகிறார்கள்’ என்று நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் யார் போக வேண்டும் என்று நன்றாக எழுதியிருந்தார்கள். போனால் அங்கே என்ன நடக்கும் என்பது மட்டும் அதில் இல்லை. அது தெரியாமல் நாலே வாரத்தில் நின்றுபோன மூன்று குடும்பங்களை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கொரடாச்சேரி பக்கத்தில் ஒரு கிராமத்தில் 32 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டே முக்கால் வயது வரை பேச்சு வரவில்லை. மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறார். மகள் திருவாரூரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். பிள்ளை நாள் முழுக்க என்னிடம்தான். “ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும், அவன் தாத்தாவும் அப்படித்தான்” என்று மகளுக்குச் சமாதானம் சொன்னதும் நான்தான். வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம். விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கோயிலுக்குப் போனதில் வருத்தமில்லை. அத்தோடு ஒரு வருடம் சும்மா இருந்தோமே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு வயதை ஒட்டி வேண்டியதைக் கைநீட்டிக் காட்ட வேண்டும், ஒன்றரை வயதுக்குள் சில சொற்களாவது வர வேண்டும், இரண்டு வயதில் “பால் தா”, “அம்மா வா” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகளின் எடையைக் கிராம் விடாமல் எழுதிவைத்த நான், இந்தக் கணக்கை வீட்டில் பார்க்கவில்லை.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போனோம். போனதும் பேச வைப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் காதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். “டிவி சத்தத்துக்கு ஓடி வர்றான்மா, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றேன். பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அதை ஏற்கவில்லை. பெரிய சத்தம் மட்டும் கேட்டு, மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு, சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலும் சொற்கள் மங்கலாகத்தான் கேட்கும் என்று விளக்கினார். பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தார்கள். வலி ஏதும் கிடையாது. இவனுக்குக் காது சரியாக இருந்தது.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது என் அங்கன்வாடி மையத்தில் படித்த ஒரு பெண் குழந்தை நினைவுக்கு வந்தாள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய திட்டம் 2013-இல் வந்ததிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை டாக்டர் வண்டி அங்கன்வாடிக்கு வரும். ஒருமுறை டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டபோது, “இவ கொஞ்சம் சங்கோஜம் சார், பேச மாட்டா” என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடம் போன பிறகுதான் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி வைக்க வழி இருந்தது. அவளுக்கு அந்த வயது தாண்டியிருந்தது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். வாரம் ஒரு நாள், நாற்பது நிமிடம். பாசஞ்சர் ரயிலில் போவோம். தெரபிஸ்ட் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுவார். பிள்ளை குதிப்பான். அடுத்த குமிழி ஊதாமல், அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். அவன் கையை நீட்டினாலோ, “ஊ” என்றாலோ உடனே ஊதுவார். இப்படியே நேரம் போய்விடும். பக்கத்தில் காத்திருந்த ஒரு தாய், “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம், விளையாட்டுதானே காட்டுறாங்க” என்றாள். மறுவாரம் அவள் வரவில்லை. எனக்கும் மூன்றாவது வாரம் அதே எண்ணம்தான் வந்தது. வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். “பாட்டி, இந்த நாற்பது நிமிஷம் அவனுக்கு இல்ல, உங்களுக்கு. நான் செய்றதைப் பார்த்து நீங்க வீட்டில செய்யணும்” என்றார் அந்தப் பெண். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். அவன் வாய் திறக்கும் முன்பே டம்ளரை நீட்டுவதை நிறுத்தினேன். பாலையும் தண்ணீரையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு “பாலா? தண்ணியா?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுவேன். அந்தப் பத்து எண்ணுவதற்குள் பாட்டிக்கு உயிர் போய்விடும், ஆனால் எண்ணித்தான் ஆக வேண்டும். அழ விடக் கூடாது. முடியவில்லை என்றால் நாமே “பால்” என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். “இது என்ன, அது என்ன” என்று பரீட்சை வைக்கக் கூடாது. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய வந்தால், “வாத்து. வாத்து போவுது” என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் ஒரு சொல் சொன்னால் நாம் இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

போனையும் குறைக்கச் சொன்னார்கள். போன்தான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. அது ஓடும் நேரத்தில் வீட்டில் யாரும் பிள்ளையோடு பேசுவதில்லை என்றார்கள். எங்கள் வீட்டில் அதுதான் உண்மை. ஆங்கிலப் பாட்டில் இருபது வரை எண்ணுவான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது. வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று உறவில் ஒருவர் சொன்னார். தெரபிஸ்ட் தமிழிலேயே, எங்களுக்கு வரும் தமிழிலேயே பேசச் சொன்னார்.

இரண்டு மாதம் ஒரு சொல்லும் வரவில்லை. கையைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தான், சொன்னால் செருப்பை எடுத்து வந்தான். அதையெல்லாம் முன்னேற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். மூன்றாம் மாதம் “தா” வந்தது. “அம்மா” வர இன்னும் ஆறு வாரம் ஆனது, மகள் அன்று கடைக்கே போகவில்லை. ஐப்பசி மழையில் மூன்று வாரம் போக முடியவில்லை, வீட்டுப் பயிற்சியை விடாததால் கெட்டுப்போகவில்லை. இப்போது நாலு வயது. “லயில் வந்துடுச்சு பாட்டி” என்கிறான். ‘ர’ சில பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் திருந்தும், இப்போதைக்குத் திருத்தாதீர்கள் என்றிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் இதே வேகம் இருக்காது. இத்தனை மாதத்தில் பேச வைக்கிறேன் என்று யாராவது உறுதி கொடுத்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று முதலில் கேளுங்கள்.

நின்றுபோன அந்த மூன்று குடும்பத்தில் இரண்டு, நடவு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் தஞ்சாவூர் போனால் ஒரு நாள் கூலி போச்சு. வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் பக்கத்துச் சிறிய அரசு மருத்துவமனைகளுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து போக அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, அங்கன்வாடிக்கு டாக்டர் வண்டி வரும் நாளில் பிள்ளையின் பேச்சைப் பற்றித் தாய்மார்களே வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட மையத்துக்கு அவர்களே சீட்டு எழுதித் தருவார்கள். வண்டி எந்தத் தேதியில் வருகிறது என்று அங்கன்வாடியில் கேட்டால் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கொரடாச்சேரி, திருவாரூர் மாவட்டம்.