திசுவை இங்கேயே படியுங்கள்: மருத்துவ பீடத்துக்கும் மாகாண சுகாதாரத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினருக்கும் வடமாகாண சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நுரையீரல் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் கண்ட நம் நோயாளரின் திசுவை மரபணு வரை பார்த்துச் சொல்லும் பரிசோதனை, யாழ்ப்பாணத்திலேயே, கையில் காசு உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி, வழக்கமாக நடக்கவேண்டும். அந்தத் திசுவை வைத்தே இந்த நோய்கள் நம்மிடையே ஏன் வருகின்றன என்ற ஆராய்ச்சியும் இங்கு வேரூன்றவேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். திசு ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராக நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்றிருக்கிறேன். மெழுகுக் கட்டியில் பதித்த திசுவைச் சிறு பெட்டியில் வைத்து, நோயாளியின் மகனிடமோ மருமகனிடமோ கொடுத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பிய காலத்தைக் கண்டவர்களில் நானும் ஒருவர். பஸ்ஸுக்கும் பரிசோதனைக்கும் காசு புரட்ட முடியாமல் அந்தக் கட்டியை எடுக்க வராமலே போனவர்களையும் அறிவேன்.

சிகரெட்டையோ சுருட்டையோ தொட்டறியாத ஒரு பெண்ணுக்கு நுரையீரல் புற்றுநோய் என்றால் வீட்டார் நம்புவதில்லை. மாதக்கணக்காக இருமினாலும் காசநோய் என்றே எண்ணுவார்கள்; சில வேளை சளியில் கிருமி காணாமலே அதற்கான மருந்தும் தொடங்கிவிடும். ஆனால் மரபணுப் பரிசோதனையால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் இத்தகைய நோயாளரே. ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள கட்டிகள் ஜெஃபிடினிப் என்ற மாத்திரைக்குச் சுருங்குகின்றன என்பது 2004ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. ஏ.எல்.கே மரபணு இன்னொன்றுடன் ஒட்டிக்கொள்வதை 2007இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. புகைக்காதவர்களிடமே இந்த மாற்றங்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. நுரையீரல் புற்றுநோயில் அடினோகார்சினோமா என்ற வகை கண்டவர்களில் கிழக்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருக்கிறது. ஐரோப்பியரிடையே பத்தில் ஒருவர், அல்லது சற்றுக் கூட. வடக்கில் வாழும் நம்மிடையே எத்தனை பேரிடம்? அதை நாம் எண்ணாவிட்டால் வேறு யாரும் வந்து எண்ணப்போவதில்லை.

நிணநீர்ப் புற்றுநோயில் சிக்கல் இன்னும் முந்தித் தொடங்குகிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வருகிறார்கள். ஊசியால் உறிஞ்சி நாலு கலங்களைக் கண்ணாடியில் பூசிப் பார்த்தால் காசநோயையோ பரவி வந்த வேறு புற்றுநோயையோ பல வேளைகளில் சொல்லிவிடலாம். லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் என்றால் அது போதாது. நாற்சார் வீட்டின் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டின் அமைப்பைச் சொல்ல முடியாது. முடிந்த இடமெல்லாம் வீங்கிய நிணநீர்க் கணுவை முழுதாக வெட்டியெடுக்கவேண்டும். அதற்கு முன் ஸ்டீரொயிட் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கலங்கள் கரைந்து அடையாளம் அழிந்துபோகலாம். லிம்போமா என்பது ஒரே நோயுமல்ல, பல டசின் நோய்களின் தொகுதி. பேர்கிட் லிம்போமாவில் 8ஆம் நிறமூர்த்தத்தின் துண்டு பெரும்பாலும் 14ஆம் நிறமூர்த்தத்தில் போய் ஒட்டி, எம்.ஒய்.சி என்ற மரபணுவை ஓயாமல் இயங்க வைக்கிறது. அந்த நோயாளரின் கலங்களில்தான் 1964இல் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் வரும் ஒரு வகை லிம்போமாவோ அங்கே வாழும் ஹெலிகோபக்டர் என்ற பக்டீரியாவால் தூண்டப்படுகிறது. பக்டீரியாவைக் கொல்லும் மருந்து கொடுத்தாலே பலருக்குக் கட்டி மறைந்துவிடுகிறது. எது எந்த வகை என்று தெரியாமல் வைத்தியம் செய்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வேன்.

இயந்திரம் இல்லையே என்று சொல்வீர்களானால், 2020ஐ நினைத்துப் பாருங்கள். கொவிட் வந்தபோது மருத்துவ பீடத்திலும் போதனா வைத்தியசாலையிலும் பி.சி.ஆர் பரிசோதனையை நீங்களே நடத்திக் காட்டினீர்கள். ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றத்தைத் தேடுவதற்கும் அதே பி.சி.ஆர் முறைதான் அடிப்படை. தேவைப்படுவது உரிய வினைப்பொருள்களும், திசுவிலிருந்து டி.என்.ஏ பிரிக்கும் வசதியும், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேரும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், வெட்டியெடுத்த திசு கெடாமல் இட்டு வைக்கும் திரவமான போமலினின் போத்தலைச் சரிசெய்யவேண்டும். வாய் ஒடுங்கிய சிறு போத்தலில் திசுவை அமுக்கித் திணித்து, அது நனையும் அளவுக்கு மட்டும் போமலின் ஊற்றி அனுப்பிய மாதிரிகளை என் மேசையில் கண்டிருக்கிறேன். திசுவைப் போலப் பத்து மடங்காவது திரவம் வேண்டும். அதுவும் அமிலத்தன்மை ஏறாதபடி பொஸ்பேற்று உப்புகள் சேர்த்த போமலினாக இருக்கவேண்டும். உப்புச் சேர்க்காத போமலின் நாள்படப் புளித்து டி.என்.ஏயைத் துண்டு துண்டாக்கிவிடும். வெள்ளிக்கிழமை பிற்பகல் வெட்டியெடுத்த திசு, திங்கள் போயா விடுமுறை என்பதால் செவ்வாய் வரை போமலினிலேயே கிடந்தால் 72 மணி நேரம் தாண்டிவிடுகிறது. பிறகு எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் போட்டாலும் சரியான விடை வரும் என்று நம்ப முடியாது. உப்புக்குப் பெரிய செலவில்லை. போத்தலில் வெட்டியெடுத்த நேரத்தை எழுத ஒரு பேனை போதும். சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதியருக்கும், போத்தலைத் தூக்கிவரும் சிற்றூழியருக்கும் இதை மரியாதையோடு சொல்லிக்கொடுத்தால் செய்வார்கள்.

காரணங்களைத் தேடும் ஆராய்ச்சிக்கு வருகிறேன். கட்டியின் டி.என்.ஏயில் அதை உண்டாக்கியவற்றின் தடயம் கிடக்கக்கூடும். புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற இரசாயனம், பி53 என்ற மரபணுவில் குறிப்பிட்ட சில இடங்களைத் தாக்குவதை 1996இல் காட்டினார்கள்; நுரையீரல் கட்டிகளில் அடிக்கடி சேதமடைந்திருப்பவையும் அதே இடங்கள். தலைமுறை தலைமுறையாகப் புகையிலை நட்டு, உணர்த்தி, சுருட்டுச் சுற்றிய மண் இது. விறகடுப்பின் புகையை அன்றாடம் சுவாசித்த பெண்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் புகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் புற்றுநோய் தரக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. தோட்டங்களில் பூச்சிநாசினி தெளிக்கிறோம். லிண்டேன் என்ற பூச்சிநாசினி லிம்போமாவை உண்டாக்கும் என்று 2015இல் அதே முகவரகம் அறிவித்தது. நம் ஊரில் எது எவ்வளவு தீங்கு செய்திருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு மெழுகுக் கட்டியுடனும் நோயாளியின் ஊர், தொழில், அடுப்பு, கிணறு, தெளித்த மருந்து ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்படி ஒரு பதிவு இருந்தால் பின்னால் வரும் மாணவர் ஒருவர் அந்த விடையைத் தேட முடியும்.

மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் வீடுகளில் ஒரு பயம் பிடிக்கிறது: பரம்பரை நோய் என்று ஊர் பேசினால் மகளின் கலியாணம் என்னாகும்? இதனால் பரிசோதனையையே மறுத்த குடும்பம் உண்டு. ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே மாற்றங்கள் அநேகமாக எப்போதும் வாழ்நாளில் கட்டிக்குள் மட்டும் தோன்றியவை, பிள்ளைகளுக்குப் போவதில்லை. இதைத் தெளிந்த தமிழில் எழுதிச் சம்மதப் படிவத்தின் முதல் வரியிலேயே வையுங்கள். 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்து நூல்களும் வெளியிட்ட இடத்தில், ஒரு படிவத்தைத் தமிழில் எழுதுவது கடினமாகாது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள். இன மத பேதமின்றிக் கொடுத்தார்கள். கட்டடத்துக்குக் கொடுக்கும் மனம் வினைப்பொருளுக்கும் ஒரு தொழில்நுட்பவியலாளரின் பயிற்சிக்கும் வருவதில்லை, அவற்றில் பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பதாலோ என்னவோ. அடுத்த முறை பணம் அனுப்புமுன் எது தேவை என்று ஆய்வுகூடத்தாரிடம் கேளுங்கள்.

பீடத்தாரே, துறையினரே, நோயியல், சத்திரசிகிச்சை, மார்புநோய், புற்றுநோய் வைத்திய நிபுணர்களையும் ஆய்வுகூடத்தாரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். போமலினும் லேபிளும் பற்றிய விதியை முதல் நாளே எழுதிவிடலாம். நுரையீரல் அடினோகார்சினோமா நோயாளருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர் பரிசோதனையை இங்கேயே செய்யத் தேவையான செலவுக் கணக்கை இரண்டாவது கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் திசு பதப்படுத்தக் கற்றுக்கொடுக்க நான் ஊதியமின்றி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
யாழ்ப்பாணம்.