விரலை வெளியே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் சினிமாச் சண்டைக் காட்சிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கயிறு கட்டிப் பறப்பது, கார் உருள்வது எல்லாவற்றையும் விவரமாக எழுதியவர், துப்பாக்கியை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். சினிமாவில் துப்பாக்கியைத் தப்பாகக் காட்டுவது பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் 1990-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 24 வருடம் இருந்தவன். இப்போது கடலூரில் ஒரு வங்கிக் கிளையில் காவல் வேலை. கையில் இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், கூட்டம் குறைவு. வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கியின் மட்டை தரையில், குழல் கூரையைப் பார்த்தபடி. நகைக்கடன் திருப்ப வந்த அம்மாவுக்காகக் காத்திருந்த ஒரு கல்லூரிப் பையன் வந்து, "அங்கிள், ஒரே ஒரு செல்ஃபி" என்றான். சரி, எடுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பக்கத்தில் வந்து குனிந்தவன், கண் மூடித் திறப்பதற்குள் நெற்றியைக் குழல் முனையில் வைத்துக்கொண்டான். இன்னொரு கை கீழே இறங்குகிறது. ஆள்காட்டி விரல் நேராக டிரிகரைத் தேடிப் போகிறது. நான் துப்பாக்கியை இழுத்துக்கொண்டு கத்திய கத்தலில் கவுண்ட்டரில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "சும்மாதான் அங்கிள்" என்றான் பையன். வாடிக்கையாளரிடம் அப்படிக் கத்தக் கூடாது என்று மேலாளர் என்னைத்தான் கண்டித்தார்.

உள்ளே தோட்டா இருந்ததா இல்லையா என்று இங்கே எழுத மாட்டேன். அந்தப் பையனுக்கும் அது தெரியாது.

அவன் கெட்ட பையன் இல்லை. துப்பாக்கி என்றால் விரல் டிரிகரில் இருக்க வேண்டும், முனை ஒருவர் தலையில் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பாருங்கள். கதாநாயகன் சும்மா நிற்கும்போதும், போன் பேசும்போதும், நண்பனின் தோளில் கை போடும்போதும் விரல் டிரிகருக்குள்தான் இருக்கும்.

"படம்தானே, விடுங்கள்" என்பார்கள். நானும் தியேட்டருக்குப் போகிறவன்தான். ஒரே குத்தில் பத்துப் பேர் பறந்தால் கைதட்டுவேன். அதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். ஒரு குத்து எப்படி வலிக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே நம் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. துப்பாக்கி அப்படி இல்லை. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் அதைத் தொட்டதே கிடையாது. அவர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்தது எல்லாம் சினிமா காட்டியதுதான். அதனால்தான் இதில் மட்டும் பொய் காட்டாதீர்கள் என்கிறேன்.

வெலிங்டனில் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு எடுத்த எடுப்பில் தோட்டா தரவில்லை. வாரக்கணக்கில் வெறும் துப்பாக்கிதான். கோத் என்கிற ஆயுதக் கிடங்கிலிருந்து வாங்கியதும் குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, தோட்டாக்கள் இருக்கும் மேகசீனைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, தோட்டா ஏறும் அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். கொடுத்தவர் நம் முன்னாலேயே பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். இருந்தாலும் நாமும் பார்க்க வேண்டும். விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். குறி பார்த்து, சுடுவது என்று முடிவான பிறகுதான் அது உள்ளே போகும். ஏனென்றால் கால் தடுக்கினாலோ யாராவது திடீரென்று கூப்பிட்டாலோ கை தானாக இறுகும். அது நம் சொல் பேச்சு கேட்காது.

ஒரு நாள் ஃபயரிங் ரேஞ்சில் என் கூட இருந்த ஒருவனுக்கு எஸ்.எல்.ஆர். ரைஃபிள் சிக்கிக்கொண்டது. பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். "உஸ்தாத், சுடலை" என்று சொல்ல எழுந்து திரும்பினான். துப்பாக்கியும் அவனோடு திரும்பியது. பின்னால் வரிசையாக நாங்கள் நிற்கிறோம். உஸ்தாத் ஒரே பாய்ச்சலில் வந்து குழலை வானத்துக்குத் தள்ளினார். எதற்கெடுத்தாலும் திட்டுகிற மனிதர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் அவர் கையில் இருந்த டம்ளரில் டீ ததும்பிக்கொண்டே இருந்தது.

அப்புறம், வசனத்துக்கு வசனம் துப்பாக்கியின் மேல்பாகத்தை 'சடக்' என்று பின்னால் இழுக்கிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். பிஸ்டலில் ஏற்கெனவே தோட்டா ஏறியிருந்தால், அப்படி இழுக்கும்போது நல்ல தோட்டா ஒன்று வெளியே வந்து தரையில் விழும். விழவில்லை என்றால், அதுவரை அவர் வில்லனை மிரட்டியது காலித் துப்பாக்கியால்தான். ஏ.கே. 47 நிமிடத்துக்கு 600 குண்டு என்ற வேகத்தில் சுடும். மேகசீனில் இருப்பது 30. விரலை எடுக்காமல் அழுத்தினால் மூன்றே விநாடியில் தீர்ந்துவிடும். படத்தில் ஒரு பாட்டு முடிகிற நேரம் வரைக்கும் சுடுகிறார்கள். குண்டு பட்டவர் பத்தடி பின்னால் பறந்து விழுவதும் அப்படித்தான். அவ்வளவு தள்ளு இருந்தால் சுட்டவரும் அதே மாதிரி பின்னால் பறந்திருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மூடிய அறைக்குள் நாலு பேர் சுட்டுக்கொள்வார்கள், அடுத்த நிமிடமே கதாநாயகி காதோரம் பேசுவது கேட்கும். ரைஃபிள் வெடிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் முனைக்குப் பக்கம். எனக்கு இடது காதில் ராத்திரியானால் சில்வண்டு கத்துவது மாதிரி ஒரு சத்தம், பல வருடமாக. போனை வலது காதில்தான் வைத்துப் பேசுகிறேன். சைலன்சர் போட்டால் 'புஸ்' என்று ஊதுகிற சத்தம்தான் வரும் என்பதும் பொய். சத்தம் குறையும், போகாது.

குண்டு உடம்பை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ் சினிமாக்காரர்கள் வெளியே தேட வேண்டியதே இல்லை. 1967 ஜனவரி 12-இல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாய்ந்தது ஒரே ஒரு குண்டு. அவர் பிழைத்தார், கழுத்தில் கட்டோடு போஸ்டர் வந்தது, தேர்தலில் ஜெயித்தார். ஆனால் அந்தப் பழைய குரல் திரும்ப வரவே இல்லை. அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைய கதாநாயகன் தோளில் குண்டு வாங்கி, துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அடுத்த காட்சியில் அதே கையால் அடிக்கிறான்.

படப்பிடிப்பிலேயே உயிர் போயிருக்கிறது. புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 1993-இல் அப்படித்தான் இறந்தார். டம்மித் தோட்டாவின் முனை கழன்று குழலுக்குள் தங்கியிருக்கிறது. பிறகு வெறும் வெடிமருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, அது அந்த முனையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. 2021-இல் அமெரிக்காவில் இன்னொரு படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆபத்தில்லாத துப்பாக்கி என்று சொல்லிக் கொடுத்ததில் நிஜத் தோட்டா இருந்தது. கையில் வாங்கியதும் அறையைத் திறந்து பார்க்கச் சொல்லி எங்களை அந்த வாட்டு வாட்டியது இதற்காகத்தான்.

ஒழுங்காகக் காட்டினால் விறுவிறுப்பு போய்விடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. எங்கள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் சுடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். மூச்சை அடக்கி, உடம்பே சிலையாகி, அந்தக் கடைசி நொடியில் விரல் மெல்ல அழுத்துகிறது. எனக்கு அதைப் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரி எந்த சண்டைக் காட்சியிலும் அடித்துக்கொண்டதில்லை. வெள்ளைக்காரக் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் பக்கத்துப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிக்கொண்டுதான் போனார். அப்படியும் மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் ஏறி, மிக அருகில் நின்றுதான் சுட்டார். ஓடுகிற காரிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல் சுட்டு ஆளை வீழ்த்துகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

இயக்குநர்களிடமும் சண்டைப் பயிற்சியாளர்களிடமும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சுடாத நேரத்தில் விரல் வெளியே இருக்கட்டும். விளையாட்டுக்குக்கூட நண்பன் தலையில் முனையை வைக்கிற காட்சி வேண்டாம். முதலில் போஸ்டரில் மாற்றுங்கள், அதற்குச் செலவே கிடையாது. சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் கடலூர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறோம். படப்பிடிப்புக்கு முன்னால் அரை நாள் ஒதுக்கினால் போதும். நான் சம்பளம் வாங்காமல் வந்து நடிகர்களுக்குக் காட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.