கொல்கத்தா: இரண்டாம் குழுவினர் கவனத்திற்கு

அன்பு உறவுகளே, அடுத்த வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து கொல்கத்தாவுக்குத் தொண்டு செய்யப் புறப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கு அன்னை தெரேசாவின் கல்லறை இருக்கும், அவரது சபையின் தலைமை இல்லத்தில் திருப்பலி. பிறகு பாண், வாழைப்பழம், தேநீர். அங்கிருந்து காளிகாட், சாகும் நிலையில் உள்ளவர்களைப் பராமரிக்க 1952இல் அன்னை தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்தில் நண்பகல் வரை வேலை.

வேலை என்றால் நோயாளியின் கையைப் பிடித்துச் செபிப்பது என்று எண்ணி வராதீர்கள். நான் அப்படித்தான் வந்தேன். முதல் நாள் முழுக்கப் போர்வை துவைத்தேன். ஈரப் போர்வையை இருவர் இரு முனையில் பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். மறுமுனையில் நின்ற ஸ்பானியப் பெண்ணுக்கும் எனக்கும் பொதுமொழி இல்லை. ஆனாலும் எந்தப் பக்கம் முறுக்குவது என்று சண்டை பிடித்தோம்!

இரண்டு வங்காளச் சொற்களாவது பாடமாக்குங்கள்: ‘ஜோல்’ தண்ணீர், ‘பேத்தா’ வலி. ஒரு முதியவர் ‘ஜோல், ஜோல்’ என்று கேட்க, நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவரே சிரித்துவிட்டார்.

ஈரத்தில் வழுக்காத செருப்பு கட்டாயம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வியாழன் ஓய்வு, உங்கள் துணிகளை அன்று துவைக்கலாம், கை மிச்சமிருந்தால்.

விசாப் பிரதிகளை ஞாயிறு பூசை முடிந்ததும் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.