தீபாவளிப் பெட்டிக்குச் சித்திரையில் ஓலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிப் பலகாரத்தைப் பனையோலைப் பெட்டியில் கொடுத்தால் கிராமத்துப் பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஆர்டரை எந்த மாதத்தில் கொடுப்பது என்று கட்டுரை சொல்லவில்லை. நட்டம் தொடங்குவதே அங்கேதான்.

கடைக்காரர்கள் புரட்டாசிக் கடைசியில் வந்து ஐந்நூறு பெட்டி கேட்பார்கள். இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் பதனீர் சீசன் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் முடிந்துவிடும். பனையேறிகள் காட்டில் இருக்கும் அந்த மாதங்களில் குருத்தோலையும் எளிதாகக் கிடைக்கும். அதன்பின் ஓலைக்கென்றே ஆள் தேடிப்பிடித்து மரமேற்ற வேண்டும். கூலி கூடும். போதாததற்கு ஐப்பசி மழை வேறு.

குருத்தை விரித்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டால்தான் பச்சை போய் வெளுக்கும். அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் முடைந்தால், பெட்டியானபின் ஓலை சுருங்கிப் பின்னலில் சந்து விடும். அந்த ஈரத்தோடு பாலித்தீன் உறையில் கட்டி அனுப்பினால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்தாலும் கறை போகாது. கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புவார், பழி முடைந்தவள் தலையில் விழும்.

சித்திரை, வைகாசியிலேயே ஓலையைக் காயவைத்துக் கட்டி, தரையில் படாமல் பரணில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வேலை தொடங்குமுன் ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி வளைந்து கொடுக்கும். மழைக்காலத்தில் முடையலாம், காயவைக்கத்தான் முடியாது. ஆகவே தீபாவளிக்குப் பெட்டி வேண்டுபவர்கள் சித்திரையில் ஓலைக்கான முன்பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். சுழல்நிதி வைத்திருக்கும் மகளிர் குழுக்கள் அதை ஓலை இருப்புக்குத் திருப்பினாலும் போதும். பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட இது உடனே பலன் தரும் என்பது எங்கள் கருத்து. முடையத் தெரிந்தவர்களுக்கே மறுபடி மறுபடி பயிற்சி நடக்கிறது!

அளவு சொல்வதிலும் தகராறு வருகிறது. அரை அங்குல அகலத்தில் வார்ந்த ஓலையில் ஆறு அங்குலப் பெட்டி வரும், ஆறரை வரும், ஆறேகால் வராது. உள்ளே வைக்கும் பலகார டப்பாவையே மாதிரியாகக் கொடுத்துவிடுங்கள், அல்லது அந்த அளவில் ஒரு மரக்கட்டை கொடுங்கள். அதைச் சுற்றி முடைவார்கள். மூடியும் அடியும் ஒரே கட்டு ஓலையில் வர வேண்டும். வேறு வேறு கட்டானால் சுருக்கம் மாறி, மூடி ஒன்று இறுகும் அல்லது கழன்று விழும்.

சாயம் கையில் ஒட்டுகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: தண்ணீர் கொதிக்குமுன் ஓலையைப் போட்டிருப்பார்கள், அல்லது எடுத்தபின் நன்றாக அலசியிருக்க மாட்டார்கள். எப்படியானாலும் தின்பண்டம் வைக்கும் பெட்டிக்கு உள்பக்கம் சாயமில்லாத ஓலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கூலி பேசுகிறவர்கள் முடையும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். ஈர்க்கு கிழிப்பது, ஒரே அகலத்தில் வார்வது, சாயம் காய்ச்சுவது, நிழலில் உலர்த்துவது, விறகுச் செலவு எதுவும் அதில் வருவதில்லை. குருத்து பிரிப்பதிலிருந்து விளிம்பை மடித்து வாய் பொத்துவதுவரை ஒரு பெட்டிக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து, அந்த ஊர்க் களையெடுப்புக் கூலியோடு ஒப்பிட்டால் விலை தானே தெரிந்துவிடும். அதற்குக் குறைந்தால் பெண்கள் வயலுக்கே போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும்.

கடைசியாக, ஓலைக்கு வழி. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அப்படிக் கண்மாய்க் கரைகளில் ஊன்றியவற்றில் பிழைத்தவை இனி வடலியாகும், அதாவது இளம்பனையாகும். வடலியில் மரமேறத் தேவையில்லை. தரையில் நின்றபடியே பெண்கள் ஓலை எடுக்கலாம். ஊராட்சிகள் அந்த உரிமையை உள்ளூர் மகளிர் குழுக்களுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கலாம். ஒரு குருத்தை எடுத்தால் அடுத்ததை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கட்டும். பனைக்குப் பக்கக்கிளை கிடையாது, குருத்தின் அடியில் அரிவாள் இறங்கினால் மரமே பட்டுப்போகும்.

இப்படிக்கு,
ஓலைத்தொழில் அறிந்த வாசகர்கள்,
சாயல்குடி.