மும்பைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு: புரொஜெக்டர் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள்

அன்புள்ள ஆசிரியர்களே,

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளைப் பெட்டர் ரோட்டில் 2019-ல் திறக்கப்பட்ட இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும்போது, எல்லாக் கூடங்களையும் ஒரே மூச்சில் சுற்றிவிடாதீர்கள். போஸ்டர்களைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். எந்திரங்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பழைய 35 மி.மீ. புரொஜெக்டர் எங்கே கண்ணில் பட்டாலும் அங்கே நிறுத்துங்கள்.

மேல் ஸ்பூலிலிருந்து கீழ் ஸ்பூல் வரை பிலிம் போகும் வழியை விரலால் காற்றில் வரைந்து காட்டுங்கள். லென்ஸுக்குப் பின்னால், பிலிம் வெளிச்சத்துக்கு நேராக நிற்கும் இடம் கேட். அங்கே நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படம், ஒவ்வொன்றும் ஒரு கணம் அசையாமல் நின்று நகர வேண்டும். நிறுத்தி இழுப்பது மால்டீஸ் கிராஸ் என்ற நான்கு பள்ளமுள்ள சிலுவை வடிவச் சக்கரம். அது கால் சுற்றுத் திரும்பினால் அதோடு சேர்ந்த 16 பல் சக்கரம் பிலிம் ஓரத்துத் துளைகளில் நான்கை நகர்த்தும். ஒரு பிரேம் தாண்டிவிடும்.

ஒலிக்கு இந்த நின்று நகர்வது ஆகாது. பிலிமில் பதிந்த ஒலியைப் படிக்கும் சவுண்ட் ஹெட்டில் பிலிம் நூல் பிடித்தாற்போல் சீராக ஓடினால்தான் குரல் குரலாக வரும். அதனால்தான் ஒரு காட்சியின் ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது. ஏறத்தாழ 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். சுமார் 38 செ.மீ., ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. புறப்படுவதற்கு முந்தின நாளே வகுப்பில் அந்த நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, 19 மி.மீ. உயரத்தில் 20 கட்டம் போட வையுங்கள். ஒரு முனையில் கை தட்டும் படம், மறுமுனையில் ‘டப்’ என்ற சத்தம். அந்தப் பட்டையோடு எந்திரத்தின் முன் நிற்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கேட்டுக்கும் சவுண்ட் ஹெட்டுக்கும் நடுவே பிலிம் தொய்வாக வளையும் இடத்தையும் காட்டுங்கள். ஆபரேட்டர்கள் அதைக் கீழ் லூப் என்பார்கள். லூப் பெரிதானால் பேச்சு பிந்தும், சிறிதானால் முந்தும். மூன்று நான்கு பிரேம் பிசகினாலே உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். லூப் அடியோடு இறுகிவிட்டால் துளைகள் கிழியும்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஓர் அடிக்கு 16 பிரேம், அப்படியானால் நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஆயிரம் அடி ரீலாகப் பார்த்தால் எத்தனை பெட்டி என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

இன்னொன்றும் அங்கேயே சொல்லுங்கள். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’, தமிழ் பேசிய முதல் படம், எடுக்கப்பட்டது இதே மும்பையில், இம்பீரியல் கம்பெனி ஸ்டூடியோவில். அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி பாடியதைப் பிலிமில் பிடித்தது இந்த ஊர். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். தீயிலிருந்து தப்பினாலும் நாளடைவில் தானே பிசுபிசுத்துப் பொடியாகும்.

திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஒரு எந்திரத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் நிறுத்த வேண்டாம். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட் தெரியாது.

இப்படிக்கு,
மும்பைத் தமிழ் சினிமா ஆபரேட்டர்களும் சவுண்ட் மெக்கானிக்குகளும்