செல்டன்ஹாம் போய்வந்தேன்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நாடகக் குழுவை விட்டு நீ விலகிவிட்டதாகத் தம்பி போனில் சொன்னான். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

போன வாரம் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊருக்குப் போயிருந்தேன், வெலிங்டன் சதுக்கத்தில் மக்ரீடி கடைசியாகக் குடியிருந்த ஆறாம் எண் வீட்டைப் பார்க்க. ஆமாம், நம்ம சார் வாய் ஓயாமல் சொல்வாரே, அந்தக் காலத்து ஆங்கில நாடக நடிகர், அதே மக்ரீடிதான். லண்டனில் கோவென்ட் கார்டன், ட்ரூரி லேன் இரண்டு நாடக அரங்குகளையும் கட்டி மேய்த்த மனுஷன், 1851 பிப்ரவரி 26 அன்று ஷேக்ஸ்பியரின் மக்பெத்தாக ஆடிவிட்டு மேடைக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டார். இந்தத் தொழிலே பிடிக்கவில்லை என்று டைரியில் புலம்பித் தள்ளியவர் வேறு. அப்புறம் மனைவி போனார், பிள்ளைகளில் பலரும் போனார்கள். 1860இல் மறுமணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தார், 69 வயதில் ஒரு மகன் பிறந்தான், 1873இல் இங்கேயே காலமானார்.

ஆனால் மேடை அவரை விட்டதா? 1869இல் அவருடைய நண்பர், நாவலாசிரியர் டிக்கன்ஸ் இந்த ஊருக்கு வந்து, தன் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி கொலையாகும் பகுதியை மேடையில் வாசித்தார். கேட்டுவிட்டு வந்த கிழவருக்குப் பேச்சே வரவில்லை. டிக்கன்ஸ் சிரித்துப் பேசி மழுப்பப் பார்க்கிறார், இவர் விடுவதாக இல்லை. என்னுடைய நல்ல காலத்தில், உனக்கு ஞாபகம் இருக்குமே, எல்லாம் போச்சு என்று திக்கித் திக்கி ஏதோ சொல்லி, கடைசியில் அழுத்தமாக, "இரண்டு மக்பெத்!" என்றாராம், அந்த வாசிப்பு இரண்டு மக்பெத்துக்குச் சமம் என்று. டிக்கன்ஸே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மேடையை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியும் அந்த மனுஷனிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்டா!

இன்னொன்று, இது உனக்காகவே. ஷேக்ஸ்பியரின் லியர் நாடகத்தில் கோமாளியைத் தூக்கிவிட்டு, முடிவையும் சுபமாக மாற்றி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1838இல் கோமாளியைத் திரும்ப மேடையேற்றியவர் மக்ரீடி. முதலில் அவருக்கே பயம், ஒத்திகையில் அந்தப் பாத்திரம் எடுபடவில்லை. மெலிந்த, பாதிப் பித்துப் பிடித்த மாதிரி ஒரு பையனாக அவனைக் கற்பனை செய்கிறார், ஆள் கிடைக்கவில்லை. ஒரு பெண் செய்தால் என்ன என்று உடன் நடித்தவர் சொல்ல, சட்டென்று பிரிசில்லா ஹார்ட்டன் நினைவுக்கு வந்தார். அப்படித்தான் அந்தக் கோமாளிக்கு உயிர் வந்தது. நீ அதே கோமாளியாக அந்தப் புயல் காட்சியில் சாரின் காலடியில் சுருண்டு உட்கார்ந்த இரவு, மைக் போனது கூடத் தெரியாமல் கூட்டம் அப்படியே கிடந்ததே!

யாரிடம் என்ன சண்டை என்று நான் கேட்கமாட்டேன். நடிக்கப் பிடிக்கவில்லை என்றால் விடு, சரி. அவர்கள் மேல் கோபம் என்றால் வேறு இடம் பார்ப்போம். இரண்டில் எது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்