சம்பளமும் கடனும் ஒரே பக்கத்தில் வேண்டும்: பிராந்தியவியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக நிர்வாகத்தாருக்கும் சேர்க்கை அலுவலகத்தாருக்கும் பிராந்தியவியல் துறைப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

என் இளைய மகனுக்கு இந்த வாரம் உங்கள் சேர்க்கைக் கையேடு வந்தது. உங்கள் துறையில் தென்கிழக்காசியவியல், அதாவது அந்த நிலப்பகுதியின் மொழிகளும் வரலாறும், படித்தவர்கள் தூதரகங்களிலும் ஐ.நா. அமைப்புகளிலும் பணியாற்றுகிறார்கள் என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். 2021இல் என் மகளை உங்களிடம் சேர்த்தபோது வந்த கையேட்டிலும் இதே வரிகள்தான் இருந்தன. அன்றும் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஓர் எண்கூட இல்லை, இன்றும் இல்லை.

அவள் மூன்றாண்டுகள் இந்தோனேசிய மொழி படித்தாள். சிறிய எழுத்தில் சொற்களை எழுதி நிரப்பிய நான்கு குறிப்பேடுகள் இன்னும் அவள் மேசையில் இருக்கின்றன. 2025 மே மாதம் பட்டம் பெற்றவள், இப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறாள். அந்த வேலையை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கடன் நிறுவனத்தின் கடிதத்தைப் பிரிக்காமலே குறிப்பேடுகளுக்கு அடியில் அவள் செருகி வைப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அமெரிக்காவில் பெற்றோரைச் சார்ந்த மாணவர் நான்காண்டுகளில் தம் பெயரில் வாங்கக்கூடிய ஃபெடரல் கடன், அதாவது மத்திய அரசின் கடன், 27,000 டாலர். அதை அவள் முழுவதும் வாங்கினாள். அந்தந்த ஆண்டின் வட்டி விகிதப்படி பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை குறைந்தது 290 டாலர். தவணை ஆண்டு வருமானத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று தொழிற்படிப்புகளுக்கு ஃபெடரல் கல்வித் துறையே வகுத்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், அவள் ஆண்டுக்கு 43,000 டாலருக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். பற்றாக்குறைக்கு பெற்றோருக்கு மத்திய அரசு தரும் பேரண்ட் பிளஸ் கடனை நான் என் பெயரில் வாங்கினேன். கடைசி ஆண்டில் 10,000 டாலருக்குக் கையெழுத்திட்டேன், 4.228 விழுக்காடு கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,577 டாலரை உங்கள் கணக்கில் வரவு வைத்தார்கள், வட்டியோ 9.08 விழுக்காடு.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் துறையில் பட்டம் பெற்றவர்களின் இடைநிலை வருமானத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) அவ்வாறே இடைநிலைக் கடனையும், பெற்றோர் வாங்கிய கடனையும் சேர்த்து, சேர்க்கைக் கையேட்டில் ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள்.

கல்லூரிகளின் விவரங்களை வெளியிடும் ஃபெடரல் கல்வித் துறையின் இணையதளமான காலேஜ் ஸ்கோர்கார்டில் பார்த்துக்கொள்ளலாமே என்று உங்கள் அலுவலகத்தில் எனக்குச் சொன்னார்கள். பார்த்தேன். 2019 முதல் அதில் படிப்புவாரியாக விவரம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அந்தரங்கம் கருதி எண்ணை மறைத்துவிடுவார்கள். உங்கள் துறைக்கு நேரே இருப்பது வெற்றுக் கட்டம். எண் இருக்கும் படிப்புகளிலும் ஃபெடரல் உதவி பெற்றவர்களின் கணக்கு மட்டுமே உண்டு. மாணவர் கடன் என்று காட்டும் தொகையில் என்னைப் போன்ற பெற்றோரின் கடன் சேராது. அந்தக் கட்டத்தை நிரப்பத் தேவையான விவரம் உங்களிடம் இருக்கிறது. நன்கொடை கேட்டுக் கடிதம் எழுத, பட்டம் பெற்ற ஒவ்வொருவரின் முகவரியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்போது, அவர்களின் சம்பளத்தைக் கேட்டறிய மட்டும் வழியில்லை என்பதை நான் எப்படி ஏற்பது?

பேராசிரியர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, பட்டதாரிகளின் இடைநிலை வருமானம் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களின் வருமானத்தைவிடக் குறைவாக மூன்றாண்டுகளில் இரண்டு முறை அமைந்தால், அந்தப் படிப்புக்கு ஃபெடரல் கடன் நின்றுவிடும். எண்ணைச் சொன்னால் துறையை மூடிவிடுவார்களோ என்று அஞ்சுகிறீர்கள். துறையை மூட வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்த மறு ஆண்டு, 1958இல், இந்த நாடு தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, பிறநாட்டு மொழிகளையும் நிலப்பகுதிகளையும் படிப்பதற்குத் தன் பணத்தைக் கொடுத்தது. நாட்டுக்குத் தேவை என்று அரசு வளர்த்த படிப்பின் செலவு இன்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் தலையிலும் அவர்களைப் பெற்றவர்களின் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது. அதை எதிர்த்து நீங்கள் குரல் கொடுத்தால் நானும் உடன் நிற்பேன். ஆனால் அதற்காக எங்களிடம் எண்ணை மறைப்பது எந்த விதத்தில் நியாயம்?

கோபம் சற்று மிகுந்துவிட்டது; பொறுத்தருள வேண்டுகிறேன். சம்பளம் குறைவு என்று தெரிந்திருந்தாலும் என் மகள் இந்தோனேசிய மொழியையே படித்திருக்கக்கூடும். அப்போது கடனைக் குறைத்திருப்போம். முதல் இரண்டு ஆண்டுகளைக் கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியில் படித்திருப்பாள், அல்லது புள்ளியியலையும் சேர்த்துப் படித்திருப்பாள்.

இளையவனுக்கும் வரலாறும் மொழிகளும்தான் பிடிக்கிறது. அவனுடைய விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பாக, வருமானமும் கடனும் அருகருகே அச்சிட்ட அந்த ஒரு பக்கத்தை, எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்ற குறிப்போடு, அவனுக்கும் அவனைப் போன்ற எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி ஒருவரின் தாய்